உன் அக்கா போட வேண்டிய முடிச்சு

குமரேசா,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். நீ நலமாக இருப்பது எனக்குத் தெரியும். முந்தாநாள்தான் போனில் பேசினாய், குரலில் சளிகூட இல்லை. நான் நலமா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல். போனில் அடிக்கடி பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் அக்கா மலர் பேரை எடுத்தாலே நீ, "அம்மா, அந்தப் பேச்சா இருந்தா வச்சிருறேன்" என்கிறாய். சொன்னபடி வைத்தும் விடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்தாலும் அது வைத்த இடத்தில் கிடக்கும், மறுநாள் எடுத்துப் படிக்கலாம். பக்கத்துத் தெரு சேகர் லீவு முடிந்து வியாழக்கிழமை சார்ஜாவுக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்து விடுகிறேன். ஒட்டித்தான் கொடுக்கிறேன், ஆனால் உன் அறையில் இருக்கிற பிள்ளைகள் யார் வாங்கிப் படித்தாலும் படிக்கட்டும். மூடி மூடி வைத்துத்தான் நம் வீடு இந்த நிலைக்கு வந்தது.

அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். தாலியில் முதல் முடிச்சை நீ போட்டதும், மற்ற இரண்டு முடிச்சையும் பெண்ணுக்குப் பின்னால் நிற்கிற உன் உடன்பிறந்தவள் போட வேண்டும். உனக்கு உடன்பிறந்தவள் ஒருத்திதான். அவள் வரக் கூடாது, சித்தப்பா மகள் தேவி போடட்டும் என்று முந்தாநாள் சொல்லிவிட்டாய். "அப்பா சாவுல பண்ணுனது போதும். என் கல்யாணத்துலயும் ஊரு போனைத் தூக்கிப் பிடிக்க வேணாம்" என்றாய். நீ பேசும்போது என் கையில் மாவு. அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மலர் எதிரே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நீ அப்படிச் சொன்னபோதும் அவள் கை நிற்கவில்லை. நீ போனை வைத்தபிறகு, "தேவிக்கு முடிச்சுப் போடத் தெரியாதும்மா. முன்னாடியே சொல்லிக் குடுத்துரு" என்றாள். கீரையைக் கழுவ எழுந்து போய்விட்டாள்.

தம்பி, உங்கப்பா சாவில் நடந்ததில் உனக்குத் தெரிந்தது பாதி. மீதிப் பாதி எனக்கும் அவளுக்கும்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நேராக அதற்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் இருந்து வருகிறேன், பொறுத்துக்கொள்.

நீ ஒன்பதாவது படித்தபோது அவள் புதுக்கோட்டையில் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வருசம் பொங்கலுக்கு உள்ளூர் கேபிள் சேனலில் கோலப் போட்டியைப் பற்றிப் பேச ஒரு பெண் வேண்டும் என்றார்கள். இவள் போய்ப் பேசினாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றதை டிவியில் பார்த்த அன்றே எனக்குத் தலை கனத்துவிட்டது. பிறகு சென்னையில் இருந்து சீரியலுக்குக் கூப்பிட்டபோது உங்கப்பா, "நமக்கு எதுக்கு அது? அங்கிட்டு நமக்கு யாரைத் தெரியும்?" என்றார். நான்தான் மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்து அனுப்பி வைத்தேன். பிள்ளையின் ஆசை என்று சொன்னேன். என் ஆசையும் அதில் இருந்தது. திருமயம் கடைத்தெருவில் நான் போகும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

அவளுக்குக் கிடைத்தது கெட்ட நாத்தனார் வேடம். அண்ணன் பெண்டாட்டியை அழ வைப்பதுதான் வேலை. இரண்டரை வருசம் அழ வைத்தாள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா என்னைப் பிடித்து நிறுத்தி, "ஏத்தா, ஒம்மக அந்தப் புள்ளையை என்னா பாடு படுத்துறா. பெத்தவ நீயாச்சும் கண்டிக்கக் கூடாதா?" என்றாள். "நான் சொன்னா கேக்குறாளாக்கும்" என்று சொல்லிவிட்டு, பெருமையோடு ஒரு முழம் பூ கூடுதலாக வாங்கி வந்தேன். உங்கப்பா மட்டும் டிவியில் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பார்ப்பார். அவள் வாயைத்தான் அசைப்பாள், பேசுகிறவள் வேறு பெண். இவள் பேச்சில் நம்ம பக்கத்து வாடை அடிக்கிறதாம், அதனால் சென்னையில் ஒருத்தியை வைத்துக் குரல் கொடுத்தார்கள். "எம்மக மூஞ்சிலேருந்து அடுத்தவ பேசுறா, அதை எதுக்குக் கேக்கணும்" என்பார். பேச்சைக் கேட்காமல் முகத்தை மட்டும் பார்த்ததால்தானோ என்னவோ, அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. "இந்தா, புள்ள கண்ணு சரியில்ல" என்றார் ஒரு நாள். "அது மேக்கப்பு" என்றேன் நான்.

படிக்கட்டில் இருந்து உருண்டு விழுகிற ஒரு காட்சியில் அவளுக்கு இடுப்பில் அடி. படப்பிடிப்பு நிற்கக் கூடாது என்று ஊசி போட்டு நிற்க வைத்தார்கள். பிறகு மாத்திரை. வலி போனபிறகும் மாத்திரை போகவில்லை. அதைப் போட்டால் தூக்கம் வராது, தூக்கத்துக்கு வேறு மாத்திரை. அதுவும் கேட்காமல் போனபோது குடி. கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்ன ஒருவனும் அந்த நேரம் பார்த்து ஒதுங்கிக்கொண்டான். இதையெல்லாம் அவள் பின்னால் எனக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். அப்போது அவள் சொன்னது ஒன்றுதான். ஒரு நாள் மதியம் போன் செய்து, "அம்மா, முடியலம்மா. ஊருக்கு வந்துரவா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இந்த வாரம் ஒனக்குப் பெரிய சீன் வருதுன்னு விளம்பரம் போடுறான், அதை முடிச்சுட்டு வா. மாமா வீட்டுக் காதுகுத்துக்கு ஒன்னையக் கூட்டிட்டு வாரேன்னு வேற சொல்லிட்டேன்" என்றேன். "சரிம்மா" என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஏழரை மணிக்கு வழக்கம்போல் டிவியைப் போட்டேன். மாடியில் இருந்து மலர் இறங்கி வர வேண்டிய இடத்தில் படம் அப்படியே நின்றது. இனி இந்த வேடத்தில் இவர் என்று கீழே எழுத்து வந்தது. மறு நிமிசம், மலர் கட்டுகிற மாதிரியே சேலை கட்டிக்கொண்டு வேறு ஒரு பெண் இறங்கி வந்தாள். அந்த வீட்டில் யாரும் திடுக்கிடவில்லை. "எங்கடி போயிருந்த?" என்று தாய்க்காரி கேட்கிறாள், அந்தப் பெண்ணும் பதில் சொல்கிறாள். பெற்றவள் எனக்கு என் மகள் வேலை போனது இப்படித்தான் தெரிந்தது. முந்தாநாள் நீ தேவியின் பேரைச் சொன்னபோது எனக்கு அந்த ஏழரை மணிதான் கண்ணில் வந்து நின்றது.

அவள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். நீ சார்ஜா போய் ஆறு மாதம். உன்னிடம் அவளுக்கு மஞ்சள்காமாலை என்று சொன்னேன். கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கச் சொல்லி நீ வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். நானும் அரைத்துக் கொடுத்தேன், அவளும் குடித்தாள். பொய்க்குப் பத்தியம் இருந்த வீடு நம்ம வீடுதான். யாரோ சொன்னார்கள் என்று, குடியை விடுவதற்குக் கயிறு கட்டுகிற கருப்பர் கோயிலுக்கு அவளை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே வரிசையில் நின்றதெல்லாம் ஆம்பிளைகள். பெண்டாட்டிமார் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். "யாருக்குக்கா கயிறு?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்க வீட்டுக்காரருக்கு" என்றேன். ஆயுளில் ஒரு சொட்டுத் தொடாத மனுசன் மேல் அந்தப் பழியைப் போட்டேன். "அவரு வந்தாத்தானே கட்டுவாங்க? நீ கையை நீட்டுனா சாமி குழம்பிப் போயிரும்" என்று சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். மலர் முக்காட்டோடு என் பக்கத்தில் நின்றாள். "அம்மா, நானே போயி வரிசைல நிக்கிறேன். யாரு பாத்தா என்ன" என்றாள் மெதுவாக. நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏறிவிட்டேன். தானாக நிற்கத் துணிந்தவளை நான் நிற்க விடவில்லை. இதையும் கணக்கில் வைத்துக்கொள், ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை.

பிறகு அவள் சென்னைக்குத் திரும்பிப் போய், யாரிடமும் சொல்லாமல் தானே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். வெளியே வந்து எனக்குப் போன் செய்து, "நாப்பது நாளாச்சும்மா, தொடலை" என்றாள். அதற்கு மறுநாள்தான் உங்கப்பா மோட்டார் கொட்டகையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

நீ வந்து சேர மறுநாள் மதியம் ஆகும் என்று ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். மலர் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாள். அவள் காரைவிட்டு இறங்கியதும் கூட்டம் உங்கப்பாவை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பியது. காம்பவுண்டு சுவரில் ஏறி நின்று போனில் படம் பிடித்தார்கள். "நேர்ல ஒல்லியா இருக்கா" என்று ஒருத்தி சொன்னது எனக்கே கேட்டது. அவள் வந்து பெட்டியின் மேல் கையை வைத்தாள். அந்தக் கை நடுங்கியது, குமரேசா. காற்றில் இலை ஆடுகிற மாதிரி. உங்க சித்தி என் காதில், "மதினி, குடிச்சிட்டு வந்திருக்கா போல, கையைப் பாருங்க. நீர்மாலைக்குக் குடத்தை இவ தலையில ஏத்துனா நடு ரோட்டுல போட்டு ஒடைப்பா" என்றாள். எனக்கு வேறு பயம் வந்தது. குடிக்காததால்தான் நடுங்குகிறாள், ஊரின் முன்னால் விழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். தகப்பனை இழந்தவளுக்குக் கை நடுங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் கையும்தான் நடுங்கியது, அதை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

நெல் மூட்டை போட்டிருக்கிற அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். சாவு வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். கொட்டு அடிக்க வந்தவர்களுக்கும் சுடுகாட்டு வேலை பார்க்கிறவர்களுக்கும் கொடுப்பதற்காக மாமா பாட்டில்களை வாங்கி அந்த அறையில்தான் வைத்திருந்தார். ஒன்றைத் திறந்து டம்ளரில் ஊற்றினேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "வேணாம்மா. நாப்பத்திரண்டு நாளும்மா" என்றாள். "மருந்துன்னு நெனச்சு ஒரு வாய் குடி. கை நிக்கட்டும். ஊரே பாக்குது" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "ஒங்கப்பாவுக்காகக் குடி" என்றேன். இந்தச் சொல்லை நான் சொன்னேன், தம்பி. அடித்துத் திருத்தாமல் அப்படியே எழுதுகிறேன். மூக்கைப் பிடித்துச் சின்னப் பிள்ளைக்குக் கசாயம் புகட்டுகிற மாதிரி டம்ளரை அவள் வாயில் வைத்தேன். அவள் குடித்தாள். கை நின்றது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு உங்கப்பா தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நின்ற கை அங்கே நிற்காது, மறுபடி அதே அறைக்குத்தான் போகும் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. ஒரு மணி நேரத்தில் அவள் இரண்டு தடவை உள்ளே போய் வந்தாள். நீ வந்து இறங்கியபோது அவள் தெருவில் உங்கப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தடுமாறியதையும், விழுந்ததையும், சுவரில் நின்றவர்கள் அதைப் படம் பிடித்ததையும் நீ பார்த்தாய். அவளை இழுத்துக்கொண்டுபோய் அறைந்தாய். "எங்கப்பன் சாவுலகூட ஒனக்குக் குடி கேக்குதா?" என்று கத்தினாய். அவள் உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் உங்கப்பா காலைக் கட்டிக்கொண்டு முன்னிலும் சத்தமாக அழுதேன். அந்த அழுகையில் பாதி உங்கப்பாவுக்கு. பாதி, உன் கேள்வி என்னிடம் வந்துவிடக் கூடாது என்பதற்கு. நீ அவளை அதே அறையில் தள்ளி வெளியே தாழ் போட்டாய். எல்லாரும் வாய்க்கரிசி போட்டார்கள். பெற்ற மகள் போடவில்லை. உள்ளே இருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கொட்டுச் சத்தத்தில் அது வெளியே கேட்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். எனக்குக் கேட்டது.

இதுதான் மீதிப் பாதி. நீ கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய்விட்டு வந்து படிப்பதென்றால் அப்படியே செய்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் சென்னையில் அவள் எப்படி இருந்தாள் என்று எனக்கு முழுசாகத் தெரியாது, தெரிந்ததையும் எழுத மாட்டேன். அவள் குடியிருந்த வீட்டுக்கார அம்மா போன் செய்து, "நீங்க வரலைன்னா நான் போலீஸைத்தான் கூப்பிடணும்" என்றார். மாமாவைக் கூப்பிடவில்லை, உனக்குச் சொல்லவில்லை, நான் மட்டும் பஸ் ஏறிப் போனேன். அவளைத் தூக்கி உட்கார வைத்தபோது உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருசம் நீ இருந்த கனம்தான் இருந்தாள். நம்ம புதுக்கோட்டைப் பக்கம் குளத்தூருக்கு வெளியே பெண்களை மட்டும் சேர்க்கிற ஒரு மறுவாழ்வு இல்லம் இருக்கிறது என்று விசாரித்து அங்கே கொண்டுவந்து சேர்த்தேன். ஒன்பது கட்டில் போட்ட சின்ன இடம். முதல் பத்து நாள் அவள் என்னைத் திட்டிய திட்டில் நம் சொந்தத்தில் ஒருவர் பாக்கியில்லை. பதினோராம் நாள் இட்லி கேட்டாள். நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடிப் போய் வாங்கி வந்தேன். இது பதினாலு மாதத்துக்கு முந்திய கதை. பதினாலு மாதமாக அவள் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வீட்டுக்காரர்களையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். ஒரு ஞாயிறு அங்குள்ள மேடம், "உங்கள்ல யாராச்சும் நீங்களே வாங்கிக் குடுத்திருக்கீங்களா? சண்டை வேணாம்னோ, வெளிய தெரியக் கூடாதுன்னோ? வெக்கப்படாம சொல்லுங்க" என்று கேட்டார். கீரனூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தர் கையைத் தூக்கினார். இன்னொரு பெண்ணின் புருசன் தூக்கினார். என் கை மடியிலேயே கிடந்தது. மேடம் என்னைப் பார்த்து, "நீங்கம்மா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாடி மலர், "இல்ல மேடம். எங்கம்மா தொட்டதுகூட இல்ல. எல்லாம் நானா எடுத்ததுதான்" என்றாள். இரண்டரை வருசம் கேமராவுக்கு முன்னால் நின்றவள், குரல் பிசிறவே இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அவளைப் பிடித்து, "ஏன்டி அப்படிச் சொன்ன?" என்றேன்.

"வேற என்ன சொல்ல? தம்பி காதுக்குப் போச்சுன்னா அவன் ஒன்னோட பேச மாட்டான்."

"பேசாட்டிப் போறான்."

"அப்பாவும் இல்ல. அவனும் பேசலைன்னா நீ செத்துருவம்மா. எனக்கு அவன் பேசாம இருந்து பழகிருச்சு."

அதோடு என் கையை எடுத்து என் தலையிலேயே வைத்து, உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தைத்தான் இப்போது மீறுகிறேன். மீறினால் என் தலைதானே போகும், போகட்டும்.

இப்போது அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்டதில்லை, ஆனாலும் சொல்கிறேன். காலையில் எழுந்து ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுகிறாள். சனிக்கிழமை தவறாமல் இரண்டு பஸ் மாறிக் குளத்தூருக்குப் போய், புதிதாகச் சேர்ந்திருக்கிற பெண்களோடு உட்கார்ந்துவிட்டு வருகிறாள். போன வாரம் திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ்ஸில் ஒரு பெண், "நீங்க அந்த நாத்தனாருதானே?" என்று கேட்டாள். "ஆமாக்கா, இப்பத் திருந்திட்டேன்" என்றாள். பஸ்ஸே சிரித்தது. உன் பெண்டாட்டிக்கு எடுத்த முகூர்த்தச் சேலை அவள் தேர்ந்தெடுத்ததுதான். "நீ எடுத்ததா சொல்லிரும்மா" என்றாள், நானும் அப்படியே சொல்லிவிட்டேன். பெண்ணின் அம்மா, "ஒங்களுக்கு நல்ல கண்ணு சம்பந்தி" என்று புகழ்ந்தார். கேட்டுக்கொண்டு நின்றேன். குளத்தூரில் அவள் நல்ல பேர், இங்கே சேலை எடுத்த பேர். அவளுக்கு உரியதை எடுத்து நான் போட்டுக்கொள்வது அதோடு இரண்டாவது தடவை. அவளுக்குப் புதிதாக ஒரு சீரியலில் அம்மா வேடத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், அவள் குரலிலேயே பேசலாமாம். உன் கல்யாணத்துக்கு மறுவாரம் சென்னைக்குப் போகிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. மேடத்திடம் கேட்டேன். "அனுப்புங்கம்மா. ஆனா திரும்பி வர்றதுக்கு ஒரு வாசல் இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்" என்றார். அந்த வாசல் என்னால் மட்டும் ஆவதில்லை. எனக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது. நாளைக்கு நான் இல்லாவிட்டால் அது நீதான். தம்பி தன் கல்யாணத்துக்கே வேண்டாம் என்று சொன்னவளாக அவள் அந்த ஊருக்குப் போகக் கூடாது.

கட்டிக்கொள்ளப் போகிறவன் நீ. அதனால் ஒன்று சொல்கிறேன். வருகிற பெண்ணுக்கு என்றைக்காவது கை நடுங்கும். எல்லாருக்கும் ஒரு நாள் நடுங்கும். அப்போது யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதே. அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தாதே. கையைப் பிடித்துக்கொண்டு என்ன என்று கேள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது அன்றைக்கு. அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

தாலி அறுத்தவள் மேடையில் நிற்கக் கூடாது என்று மாமா சொன்னபோது, "எங்கம்மா நிக்கலைன்னா நானும் ஒக்கார மாட்டேன்" என்று நீ அவரிடம் சண்டை போட்டதை அத்தை சொன்னாள். அதைக் கேட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீ நல்ல பிள்ளை. அதனால்தான் சொல்கிறேன். குடித்தவள் அந்த மேடைக்கு வரக் கூடாது என்றால் ஊற்றிக் கொடுத்தவளும் வரக் கூடாது. தேவி முடிச்சுப் போட்டால் நான் மேடைக்கு வர மாட்டேன். மிரட்டல் இல்லை இது, கோபமும் இல்லை. மலருக்குச் சொன்ன சட்டம் எனக்கும் சட்டம்.

நான் போய் அவளை அழைத்தால் வர மாட்டாள். "நீ கூப்புட்டு நான் வந்தா அது அவன் கல்யாணமா?" என்பாள். உன் வாயால் கூப்பிட வேண்டும். நீ திருச்சியில் இறங்குவது சனிக்கிழமை. நேராக வீட்டுக்கு வராதே. வருகிற வழியில் குளத்தூரில் அவள் இருப்பாள். மன்னிப்புக் கேட்க வேண்டாம், இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேச வேண்டாம், அவளும் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுகிறவள் இல்லை. அக்கா என்று நீ கூப்பிட்டு, அந்த வார்த்தைக்கு அவள் திரும்பிப் பார்த்து எத்தனை நாளாயிற்று. அந்த வார்த்தையைச் சொல்லி, முடிச்சுப் போட வா என்று சொல்.

அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். மலர் பயந்த மாதிரி செத்துவிடவும் மாட்டேன். ஆனால் முதலில் அவளோடு பேசிவிட்டு, பிறகு பேசாமல் இரு.

அம்மா